பன்னிரண்டு மீட்டர் தரை

கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகள் முடிந்ததும் காற்றின் குளிர்ச்சியே வேறு. போன வருஷம் மழை விட்ட ஒரு மாலையில், கல்வராயன் மலைப் பள்ளி ஒன்றின் மைதானத்தில் அதைப் பார்த்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கையை ஊன்றிச் சக்கரம் சுற்றினாள், நின்ற வேகத்திலேயே பின்பக்கமாக ஒரு பல்டி அடித்தாள். இறங்கியபோது முழங்கால் மட்டும் மடங்கியது, உடம்பு ஆடவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். கிட்டே போனேன். உள்ளங்கையைச் சுடிதாரில் தேய்த்துக்கொண்டிருந்தாள். சரளைக்கல் பதிந்து குழிகுழியாகச் சிவந்திருந்தது. அவளுக்குப் பின்னால் இரண்டாம் வகுப்புப் படிக்கும் வாண்டு ஒன்று, அதையே செய்து பார்க்கிறேன் என்று கையை ஊன்றி ஊன்றி விழுந்துகொண்டிருந்தது.

ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்களுக்கான தரைப் பயிற்சியின் ஒலிம்பிக் தங்கப் பட்டியலை எப்போது எடுத்தாலும் அந்த உள்ளங்கைதான் ஞாபகத்துக்கு வருகிறது. பன்னிரண்டு மீட்டருக்குப் பன்னிரண்டு மீட்டர் சதுரம், இசையோடு ஒன்றரை நிமிடம். பார்க்கிற நமக்கு ஆட்டமும் தாவலும்தான் தெரிகின்றன. ஆனால் அந்தப் பட்டியலில், காலுக்குக் கீழே இருக்கும் தரைக்கும் சரிபாதிப் பங்கு உண்டு என்பது என் கட்சி.

முதல் பெயர் ஹங்கேரியின் ஆக்னஸ் கெலெட்டி. யூதப் பெண். போர்க்காலத்தில் வேறொருத்தியின் அடையாளத் தாள்களோடு வீட்டு வேலைக்காரியாக ஒளிந்து வாழ்ந்து தப்பினார். அவருடைய அப்பா அவுஷ்விட்ஸில் மாண்டார். 1952இல் ஹெல்சின்கியில் தரைப் பயிற்சி முதன்முதலாகப் பெண்களுக்குத் தனிப் பதக்கப் போட்டியானபோது கெலெட்டிக்கு வயது 31. தங்கம் வாங்கினார். 1956 மெல்போர்னில், 35 வயதில், சோவியத்தின் லாரிசா லத்தினினாவோடு அதே தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார். 2025 ஜனவரியில் இறக்கும்போது 104வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. லத்தினினா 1960, 1964 இரண்டிலும் மீண்டும் வென்றார். தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் தரைத் தங்கம் எடுத்த பெண் அவருக்குப் பிறகு யாரும் இல்லை.

அந்தக் காலத்துப் படச்சுருள்களைப் பாருங்கள். நடனம் நிறைய, தாவல் குறைவு. அன்றைய தரை அவ்வளவுதான் தாங்கும், காலும் அவ்வளவுதான் தாங்கும். 1976 மான்ட்ரியலில் சோவியத்தின் நெல்லி கிம் காற்றில் இரண்டு முறை பின்புறமாகச் சுருண்டு இறங்கினார். ஒலிம்பிக் தரைப் பயிற்சியில் ஒரு பெண் அதைச் செய்தது அதுவே முதல் முறை, நடுவர்கள் பத்துக்குப் பத்து கொடுத்தார்கள். மத்திய ஆசியாவில் வளர்ந்தவர், அப்பா கொரிய வம்சாவளி. பிறகு ஸ்பிரிங் வைத்த தரை வந்தது, உயரம் கூடியது. கூடவே ஆபத்தும் கூடியது.

இந்த இடத்தில் இன்னொரு சோவியத் வீராங்கனை எலீனா முகினாவைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 1978 உலகப் போட்டியின் ஒட்டுமொத்தச் சாம்பியன். தரைத் தங்கத்தையும் கிம்மோடு பகிர்ந்துகொண்டவர். அடுத்த ஆண்டு கால் முறிந்தது. முழுதாக ஆறும் முன்பே பயிற்சிக்கு இழுத்து வந்தார்கள். மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் இருக்கையில், மின்ஸ்கில், ஆண்களிடமிருந்து எடுத்த ஒரு தாவலைச் செய்தபோது சுழற்சி போதாமல் தாடை தரையில் மோதிக் கழுத்து முறிந்தது. வயது இருபது. 2006இல் இறக்கும்வரை அவர் எழுந்து நடக்கவில்லை. அந்தத் தாவலுக்கு இன்று விதியில் தடை. டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ், காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்று சொல்லி விலகியபோது நம்மூரிலும் சிலர் குறை சொன்னார்கள். முகினாவுக்கு அப்படி விலக இடம் கொடுத்திருந்தால்!

ருமேனியாவின் காலம் 1980இல் நாடியா கொமனேச்சி கிம்மோடு பகிர்ந்த தங்கத்தில் தொடங்கியது. 1984, 1988, 1992, பிறகு 2004, 2008 என்று ஆறு முறை. அடுத்த மூன்று அமெரிக்காவுக்கு: ராய்ஸ்மன், பைல்ஸ், ஜேட் கேரி. 2024 பாரிஸில்தான் பிரேசிலின் ரெபேக்கா ஆண்ட்ராடே. 14.166 அவருக்கு, 14.133 பைல்ஸுக்கு. பைல்ஸின் தாவல்கள் கடினம், ஆனால் கால் இரண்டு முறை கோட்டுக்கு வெளியே போனதில் 0.6 புள்ளி கழிந்தது. வித்தியாசமோ 0.033. ஆண்ட்ராடேயின் அம்மா வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். முழங்கால் தசைநாரில் மூன்று அறுவை சிகிச்சைகளைத் தாண்டி வந்த கால் அது.

நம் பெண்கள் இந்தப் பட்டியலின் பக்கம் போகவில்லை. இந்திய வம்சாவளியான மோகினி பரத்வாஜ் 2004இல் தரை இறுதிவரை போனார், ஆனால் அமெரிக்காவுக்காக. நம் பெயர்கள் எல்லாம், ஓடிவந்து மேசையில் கை ஊன்றித் தாவும் வால்ட்டில்தான். தீபா கர்மாகர் ரியோவில் 0.15 புள்ளியில் வெண்கலத்தை விட்டார். அருணா புத்தா ரெட்டி 2018இல் உலகக் கோப்பை வெண்கலம் வாங்கினார். பிரணதி நாயக்கின் ஆசியப் பதக்கங்களும் வால்ட்டில்தான். ஏன் வால்ட்? என் கணிப்பு இது: ஓடுபாதையும் மேசையும் இருந்தால் ஒரே தாவலை ஆயிரம் முறை பழகலாம். அகர்தலாவில் தீபாவின் பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தி பழைய ஸ்கூட்டர் உதிரிபாகங்களைக் கொண்டு கருவி செய்து தொடங்கினார். தரைக்கு அப்படி ஒட்டுப்போட முடியாது. முழுச் சதுரமும் வேண்டும், நடனம் வேண்டும், நான்கு தாவல் தொடரையும் தாங்கும் மூச்சு வேண்டும். ஆசியாவால் முடியாது என்றும் சொல்ல முடியாது. ஜப்பானின் மாய் முராகாமி 2017 உலகப் போட்டியில் தரைத் தங்கம் வாங்கினார்.

அந்தப் பிள்ளையைப் பார்த்த கல்வராயன் மலை இருப்பது, 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில். அந்த விழுப்புரம் மல்லர் கம்பத்தில் பெயர் வாங்கிய ஊர். வழுக்கும் கம்பத்தில் உடம்பை முறுக்கி நிற்கும் பிள்ளைகளை உருவாக்க ஒரு கம்பமும் விடாப்பிடியான ஆசிரியரும் போதுமாக இருந்தது. தாளத்துக்குச் சுழன்று ஆடும் தெருக்கூத்தும் இந்த மண்ணில் இருக்கிறது. மலைப் பிள்ளைகளின் கால் வலுவை நான் சொல்ல வேண்டியதில்லை, ஏறி இறங்கியே பள்ளிக்கு வருகிறார்கள். இல்லாதது தரையும், தரையை அறிந்த பயிற்சியாளரும்தான். முகினாவின் கதைக்குப் பிறகு இரண்டில் ஒன்று மட்டும் போதும் என்று என்னால் சொல்ல முடியாது.

ஒரு இறகுப்பந்து ஆடுகளத்தின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். இரண்டை அடுத்தடுத்துப் போட்டால் ஒலிம்பிக் சதுரம் அதற்குள் அடங்கும், சுற்றுக்கு மட்டும் கொஞ்சம் இடம் சேர்த்தால் போதும். அதன்மேல் ஸ்பிரிங், ஒட்டுப்பலகை, நுரை, கம்பளம். எந்த ஊர் உள்ளரங்கிலும் வைத்துவிடலாம்.

துப்பட்டா கட்டிய அந்தப் பிள்ளைக்கு, சர்வதேசக் கணக்கில், தொடங்கும் வயது தாண்டிவிட்டது. தீபா ஆறு வயதில் தொடங்கியவர். பின்னால் விழுந்து விழுந்து எழுந்த வாண்டுக்கு அப்போது ஏழு வயது இருக்கும்.