வெல்கம் டு சம்தல்-ரி: ஊர் திரும்புதலும் ஒரு பழைய துக்கமும்

'வெல்கம் டு சம்தல்-ரி' ஒரு கொரியத் தொலைக்காட்சித் தொடர். 2023 டிசம்பர் முதல் 2024 ஜனவரி வரை ஜேடிபிசி தொலைக்காட்சியில் 16 பகுதிகளாக ஒளிபரப்பானது. நெட்ஃபிளிக்ஸிலும் காணக் கிடைத்தது. குவோன் ஹே-ஜூ எழுத, சா யங்-ஹூன் இயக்கினார். ஷின் ஹே-சன், ஜி சாங்-வுக் முதன்மைப் பாத்திரங்களில் நடித்தனர்.

ஜேஜு தீவின் கடலோரக் கிராமம் ஒன்றில் பிறந்த சம்தலுக்கு ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சியோலுக்குச் சென்ற அவள் அந்தப் பெயரை மறைத்து, உன்-ஹே என்ற பெயரில் புகழ்பெற்ற ஃபேஷன் புகைப்படக் கலைஞர் ஆகிறாள். உதவியாளரைக் கொடுமைப்படுத்தினாள் என்ற பழி விழுந்ததும் சேர்த்த புகழெல்லாம் போய்விடுகிறது. தலையைக் குனிந்துகொண்டு ஊருக்கு வருகிறாள். அங்கே முன்னாள் காதலன் யோங்-பில் வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். கொரியாவின் பெரும் பாடகர் ஒருவரின் பெயர் அவனுக்கு. அதை வைத்தே தொடர் முழுக்கச் சிரிப்பு மூட்டுகிறார்கள்.

இதுவரை சொன்னது ஊர் திரும்பும் காதல் கதைகளில் வழக்கமாக வருவதுதான். நகரம் கெடுக்கும், ஊர் தேற்றும். சியோல் பகுதிகளை இத்தொடரும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. துரோகம் செய்யும் உதவியாளர், ஏமாற்றும் காதலன் எல்லோரும் அட்டைப் பொம்மைகள். பழி எப்படித் தீர்கிறது என்பதில் எனக்கு ஆர்வமே ஏற்படவில்லை.

ஆனால் காதலர்களைப் பிரித்தது எது என்ற இடத்தில் தொடர் வேறொன்றாகிறது. சம்தலின் அம்மாவும் யோங்-பில்லின் அம்மாவும் உயிர்த்தோழிகள். இருவருக்கும் மி-ஜா என்றே பெயர். இருவரும் ஹேன்யோக்கள், அதாவது சுவாசக் கருவி ஏதுமின்றி மூச்சடக்கிக் கடலில் மூழ்கி, சங்கும் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கும் ஜேஜுப் பெண்கள். (ஹேன்யோ பண்பாட்டை யுனெஸ்கோ 2016இல் தன் பட்டியலில் சேர்த்தது.) ஒருநாள் கடலுக்குப் போன தோழிகளில் ஒருத்தி திரும்பவில்லை. மனைவியை இழந்த சாங்-தே, பிழைத்து வந்தவளை மன்னிக்கவே இல்லை. அவள் மகளைத் தன் மகன் மணப்பதை அவரால் தாங்க முடியாது.

இதில் வில்லன் யாருமில்லை. சாங்-தேயின் கோபம் நியாயமற்றது, ஆனால் பொய்யல்ல. அம்மா கோ மி-ஜா பல ஆண்டுகள் அவர் முன் குற்றவாளிபோல் நடந்துகொள்கிறாள். தானும் ஒரு தோழியை இழந்தவள் என்று சொல்லும் உரிமையைக்கூட அவள் எடுத்துக்கொள்வதில்லை. கிம் மி-கியுங் இதைப் பெரும்பாலும் வசனமில்லாமலே நடித்திருக்கிறார். இதய நோயை மறைத்துக்கொண்டு அவள் மறுபடி மறுபடி கடலில் இறங்கும் காட்சிகளே தொடரின் உயிர். யோங்-பில் ஏன் வானிலை ஆய்வாளனானான் என்பதும் இங்கேதான் விளங்குகிறது. காலையில் கடலுக்குப் போகும் அந்தக் கிழவிகளுக்காகத்தான் அவன் வானத்தைப் பார்க்கிறான். ஊரில் தங்கிவிட்டவன் என்றால் ஆசையற்றவன் என்று காட்டும் வழக்கத்திலிருந்து இது நல்ல விலகல்.

குறை இதன் அளவில் இருக்கிறது. தந்தையின் மனமாற்றம் கடைசிப் பகுதிகளில் அவசரமாக நடக்கிறது. அதற்குச் செலவிட்டிருக்க வேண்டிய நேரத்தை நண்பர்களின் கூத்துகளும், சம்தலின் அக்கா, தங்கை ஆகியோரின் காதல்களும் தின்றுவிடுகின்றன. தங்கை ஹே-தல், சிறுமியான மகள் ஹா-யுல் ஆகியோரின் காட்சிகள் மட்டும் விதிவிலக்கு.

சம்தல்-ரி என்ற பெயரில் ஜேஜுவின் தென்கிழக்கில் உண்மையான ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே மூடப்பட்ட பள்ளியொன்றைப் புகைப்படக் கலைஞர் கிம் யங்-கப் காட்சிக்கூடமாக மாற்றினார். அவர் ஜேஜுவில் பிறந்தவரல்ல. பெருநிலத்திலிருந்து வந்து தீவிலேயே தங்கி, 2005இல் இறந்தார். தொடரின் நாயகியும் புகைப்படக்காரி என்பதால் இந்த நினைவு வருகிறது. ஆனால் சம்தலுக்கு வீடும் அம்மா வைத்த சோறும் காத்திருக்கின்றன, நண்பர்கள் அவளிடம் விளக்கம் கேட்பதில்லை. அப்படி யாரும் காத்திராத ஒருவர் ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்று இந்தத் தொடர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.