மூன்று சுழி ‘ண’வும் லாமி சஃபாரியும்

பால்பாயின்ட் பேனாவில் நுனியிலுள்ள குண்டு உருண்டால்தான் மை இறங்கும். அது உருள, கை அழுத்த வேண்டும். மைப் பேனாவுக்கு அந்த அழுத்தம் தேவையில்லை. நிப்பின் நடுக்கீறல் வழியே நுண்துளை ஈர்ப்பால் மை வந்து காத்திருக்கும். தாளைத் தொட்டால் போதும். பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களின் விரல்கள் இந்த வித்தியாசத்தை உடனே உணரும்.

இந்தச் சுகத்தைப் புதிதாகத் தேடுவோருக்குப் பலரும் காட்டும் பேனா லாமி சஃபாரி. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர நிறுவனமான லாமி, பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்து இதை 1980இல் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் வுல்ஃப்காங் ஃபாபியன். லெகோ கட்டைகளுக்குப் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்தான் இதற்கும். எடை சுமார் 17 கிராம். அகலமான கம்பிக் கிளிப் சட்டைப் பையைக் கெட்டியாகக் கவ்வுகிறது. உள்ளே மை எவ்வளவு மிச்சம் என்று பக்கவாட்டுத் திறப்பு காட்டிவிடும்.

சிக்கல் பிடியில்தான். விரல்கள் இன்ன இடத்தில்தான் அமரவேண்டும் என்று இருபுறமும் சீவி வைத்திருக்கிறார்கள். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது உதவி; வேறு விதமாகப் பிடித்துப் பழகிய கைக்கு உறுத்தல்.

தமிழ் எழுதுவோர் அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது நிப்பின் பருமன். நம் எழுத்துகள் சுழிகளால் ஆனவை. கோடு போட்ட நோட்டில் எம் (நடுத்தர) நிப்பால் சிறிதாக எழுதினால் மூன்று சுழி ‘ண’வின் சுழிகள் மையால் அடைபடுகின்றன, ‘ஞ’, ‘ஐ’ ஆகியவற்றுக்கும் அதே கதி. எஃப் (மெல்லிய) நிப்பு பரவாயில்லை என்றாலும், ஜப்பானிய எஃப்பைவிடத் தடிமனாகவே எழுதும். இஎஃப் (மிக மெல்லிய) நிப்பில்தான் சுழிகள் திறந்து, எழுத்து துலக்கமாக விழுகிறது. தவறான நிப்போடு வாங்கியவர்களும் கவலைப்பட வேண்டாம்: சஃபாரியின் எஃகு நிப்பை முன்பக்கமாக இழுத்துக் கழற்றி, தனியாக விற்கும் வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். இந்த வசதிக்காகவே இதை மெச்ச வேண்டும்.

மை விஷயத்தில் கொஞ்சம் செலவு கூடும். லாமியின் சொந்த வடிவ டி10 கார்ட்ரிட்ஜ்தான் இதில் பொருந்தும். இசட்28 கன்வெர்ட்டரைப் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். அது இருந்தால் கேம்லின் புட்டி மையையே உறிஞ்சி நிரப்பலாம். ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே காய்ந்து வழியை அடைத்துவிடும். மை மாற்றும்போது வெறும் தண்ணீரால் கழுவினால் போதும்.

தமிழ் நிறைய எழுதுகிறவர்கள் இஎஃப் நிப்பும் கன்வெர்ட்டரும் சேர்த்தே சஃபாரியை வாங்குங்கள். கடையில் ஒரு பத்தி எழுதிப் பார்த்து, பிடி உறுத்தினால் உருண்டைப் பிடியுள்ள ஜப்பானியப் பேனாவான பைலட் மெட்ரோபாலிட்டனை எஃப் நிப்போடு எடுத்துக்கொள்ளலாம்.