பெயரற்றோரும் வாளேந்திகளும்: ஒரு கடற்சாகச ஆட்டத்தை முன்வைத்து

வாளேந்திய வீரன் பாய்மரக் கயிற்றைப் பற்றித் தாவிப் பகைவனுடைய கப்பல் தளத்தில் குதிக்கும் கதைகளை நமது விமர்சகர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பொழுதுபோக்கு என்ற ஒரே சொல்லால் அவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால், பொதுமக்கள் எதை விரும்பிப் படிக்கிறார்கள், எதைக் கண்டு கைதட்டுகிறார்கள் என்பதை ஆராயாத விமர்சனம், மக்களைப் பற்றிப் பேசும் உரிமையிற் பாதியை இழந்துவிடுகிறது. அக்கதைகள் இன்று புதியதோர் உருவமும் பெற்றுள்ளன. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து, தாமே கதைமாந்தராகி, வாயாற் சொல்லியும் பகடை உருட்டியும் ஒரு கதையை உருவாக்கும் ஆட்டமே அது. கடலும் கோட்டையும் சூழ்ந்த திருகோணமலை போன்ற ஊரிலுள்ள இளைஞருக்கு இவ்வாட்டம் எதனைக் கொடுக்கிறது, எதனை மறைக்கிறது என்பதை ஆராய்வது வீண்வேலை அன்று.

பாத்திரமேற்று ஆடும் இவ்வகை மேசை ஆட்டம் அமெரிக்காவிற் பிறந்தது. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் வெளிக்கொணர்ந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதன் முதல் நூலாகக் கொள்ளப்படுகிறது. அது மாயமும் பூதமும் நிறைந்த உலகம். வாள்வீரருக்கும் கடற்கொள்ளையருக்கும் உரிய ஆட்டமாக 1999இல் வெளிவந்தது 'செவன்த் சீ', அதாவது ஏழாங்கடல். ஜோன் விக் முதலியோர் இதனை ஆக்கினர். இதன் இரண்டாம் பதிப்புக்காக 2016இல் ஆர்வலரிடமே முன்பணம் திரட்டியபோது, 11,000 பேருக்கு மேற்பட்டோர் 13 இலட்சம் டொலருக்கு மேல் வழங்கினார்கள். 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவைச் சற்றே உருமாற்றித் 'தேயா' என்ற பெயரிற் கற்பனை செய்த உலகமே இதன் களம்.

இவ்வாட்டத்துட் புகுவது கடினமன்று. ஒருவர் ஆட்டத்தை நடத்துபவர். ஏனையோர் ஆளுக்கொரு வீரன் அல்லது வீராங்கனை. உடல்வலு, கைநுட்பம், மனவுறுதி, மதிக்கூர்மை, மிடுக்கு என்னும் ஐந்து இயல்புகளுக்கும், வாள்வீச்சு, கப்பலோட்டம் போன்ற திறமைகளுக்கும் இலக்கங்கள் இட்டுக்கொள்வார்கள். ஆபத்து வரும்போது, தாம் செய்ய நினைப்பதைச் சொல்லி, இயல்பையும் திறமையையும் கூட்டிய தொகைக்கு ஏற்பப் பத்துமுகப் பகடைகளை உருட்டுவார்கள். விழுந்த எண்களைப் பத்துப் பத்தாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பத்தும் ஒரு செயலுக்குக் கொடுக்கும் விலை. கப்பல் எரிகிறது என்று கொள்வோம். அடுத்த கப்பலுக்குத் தாவ ஒரு பத்து. தீயிற் கருகாமல் தப்ப இன்னொன்று. கடலில் விழப்போகும் கடிதத்தைப் பற்ற மூன்றாவது. கையில் இருப்பவை இரண்டே பத்துகளாயின், எதனை விடுவது? ஏனைய பல ஆட்டங்களில் வெற்றியா தோல்வியா என்பதையே பகடை தீர்மானிக்கும். இங்கோ, வெற்றிக்கு எதனை இழக்கச் சம்மதம் என்ற கேள்வியை அது எழுப்புகிறது. நாடகத்தின் உயிர்நிலை இதுவே. இவ்விதியை வகுத்தவர்களின் கலையுணர்வைப் பாராட்டத்தான் வேண்டும்.

வடிவத்தைப் பொறுத்தவரை நமக்கு இது முற்றிலும் அந்நியமும் அன்று. கீழ்மாகாணத்து வடமோடி, தென்மோடிக் கூத்துகளை அறிந்தோர், ஆட்டம் நடத்துபவரில் அண்ணாவியாரின் சாயலைக் காண்பார்கள். ஊரில் உழுபவனும் வலை இழுப்பவனும் இராப்பொழுதில் அரசனாகவும் மந்திரியாகவும் மாறுவதற்கு வழிகாட்டுபவர் அவர். வேறுபாடு யாதெனின், அண்ணாவியாரின் கையில் எழுதப்பட்ட கூத்துக் கொப்பி உண்டு. இங்கே கொப்பி இல்லை, முடிவை ஒருவரும் முன்கூட்டி அறியார். கூத்துக்குப் பார்வையாளர் உண்டு. இங்கே ஆடுவோரே பார்வையாளர். திரைப்படம் மனிதனை நாற்காலியில் அமர்த்தி வாய் மூடச் செய்தது. இந்த ஆட்டம் அவனுக்கு மீண்டும் வாய் கொடுக்கிறது. கூட்டுப் படைப்பு என்று நாம் மேடைதோறும் பேசும் பொருளுக்கு இதனினும் எளிய பயிற்சி கிடைப்பது அரிது.

வடிவம் மக்களுக்கு உகந்ததென்பதால் உள்ளடக்கமும் அவ்வாறே இருக்கும் என்று கொள்ளலாகாது. வாளேந்திக் கதைகளின் வேரைத் தேடிச் செல்வோமாயின், வியப்பூட்டும் வகையில் அவ்வேர்களுள் ஒன்று திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக்குடாவில் ஊன்றி நிற்பதைக் காண்கிறோம்.

1659ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மசூலிப்பட்டினத்தருகே புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதுமரம் நாட்டுவதற்காகக் கொட்டியாரத்தை அடைந்தது. அடுத்த ஆண்டில் அதன் தலைவரான றொபேட் நொக்ஸ், அதே பெயர் கொண்ட அவருடைய 19 வயது மகன், மாலுமிகள் எனப் பதினாறு பேர் வரை இரண்டாம் இராசசிங்கனுடைய ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். தந்தை ஒரு புளியமரத்தடியில் அகப்பட்டார் என்பர். மூதூர்ப் பகுதியில் அவ்விடம் 'வெள்ளைக்காரன் மரம்' என்ற பெயரால் இன்றும் அறியப்படுகிறது. 1661இல் தந்தை காய்ச்சலால் மாண்டார். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டு கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, 1679இல் ஒரு தோழனுடன் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் அவருடைய நூல் வெளியாயிற்று. டானியல் டீபோ 1719இல் எழுதிய 'றொபின்சன் குறூசோ'வில் நொக்சின் வரலாற்றுச் சாயல் படிந்துள்ளதென்று ஆய்வாளர் பலர் கருதுவர். அடுத்த ஆண்டு அவர் எழுதிய 'கப்டன் சிங்கிள்டன்' என்ற கடற்கொள்ளையர் நாவலிலோ, நொக்சின் கதை சுருக்கமாக அப்படியே இடம்பெற்றுள்ளது.

அவ்வழியில் வளர்ந்த மரபில் டூமாவின் வாள்வீரரும், சபாட்டினி 1922இல் எழுதிய 'கப்டன் பிளட்'டும் தோன்றினர். பிளட் 1935இல் ஹொலிவூட் திரைக்கு வந்தான். அடிமையாக விற்கப்பட்ட அந்த மருத்துவனின் சாயலிலேயே 1965இல் பி. ஆர். பந்துலுவின் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தில், கண்டியிற் பிறந்த எம். ஜி. ஆர். மணிமாறனாக நம்மிடையே உலாவினார். அதே காலத்தில் சாண்டில்யனின் 'கடல் புறா' கருணாகரத் தொண்டைமானைக் கடலில் ஏற்றியது. ஆதலின், இவ்வாட்டம் வந்து சேரும் முன்னரே நமது இளைஞரின் நெஞ்சில் வாளேந்திக்கு இடம் தயாராகிவிட்டது.

இந்த நெடும்பயணத்திற் கைவிடப்பட்டது எது? நொக்ஸ் கண்டி நாட்டில் வாள் சுழற்றி வாழவில்லை. குல்லாய் பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். மூட்டை சுமந்து ஊர் ஊராக வியாபாரம் செய்தார். தப்பிச் சென்ற பாதையைக் கண்டுபிடித்ததும் அந்த வியாபாரத்தினாலேயே. கைத்தொழிலும் பொறுமையுமே அவரை விடுவித்தன. இன்னொன்றும் உண்டு. சிறையின் கொடுமையை அனுபவித்து மீண்ட அதே நொக்ஸ், 1680களிற் கிழக்கிந்தியக் கொம்பனியின் கப்பற்றலைவராக, அடிமைகளை வாங்குவதற்கு மடகஸ்கார் சென்றார். உழைப்பும் உதிர்ந்தது, குற்றமும் உதிர்ந்தது. எஞ்சியது சாகசம் மட்டுமே. ஒரு மரபு எவற்றை மறந்து அழகாயிற்று என்று கேட்பது விமர்சகனின் கடமை.

'செவன்த் சீ'யை ஆக்கியோர் இக்கேள்வியை அறியாதவரல்லர். இரண்டாம் பதிப்பில் அடிமை வியாபாரத்தால் கொழுக்கும் ஒரு வணிகக் கொம்பனியை அவர்கள் கொடியோராக நிறுத்தியுள்ளனர்; அதனை எதிர்ப்போரே வீரர். வீரன் தீமை செய்தால் அவனுடைய பாத்திரம் கெட்டழியும் என்றும் விதி வகுத்துள்ளனர். இது நேர்மையான முன்னேற்றம்.

எனினும், அவ்விதிநூலின் இன்னொரு பக்கத்திலே பழைய உலகம் அப்படியே இருக்கிறது. வீரன் எளிதில் மாளான். கொடியவன் தனிவிலை கொடுத்தாலன்றி அவனைக் கொல்ல முடியாது. ஆனால் காவற்காரர், கூலிப்படையினர், எதிர்க்கப்பலின் மாலுமிகள் ஆகியோருக்கு விதிநூல் தரும் பெயர் 'முரடர் கூட்டம்'. அவர்களுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. கூட்டத்துக்கு ஓர் எண் மட்டுமே உண்டு. எண் பத்தாயின் பத்துப் பேர். வீரன் செலவிடும் ஒவ்வொரு பத்துக்கும் ஒருவன் வீழ்வான். ஆட்டத்தின் விறுவிறுப்புக்கு இது பெருந்துணை என்பதை மறுக்கவில்லை. வீழ்ந்தவர் யார் என்பதே கேள்வி. கூலிக்காகக் கப்பலேறிய மீகாமனும், பசிக்காகத் துப்பாக்கி தூக்கிய ஏழையும் அல்லவா அவர்கள்?

திருகோணமலையில் அமர்ந்து இவ்விதியைப் படிப்பவர்க்கு அது வெறும் கணக்காகத் தோன்றாது. 1782இல் இத்துறைமுகத்தை முதலில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பறித்தனர். ஓகஸ்டு மாதத்தில் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தனர். செப்டெம்பர் 3ஆம் நாள் இரு கடற்படைகளும் வெளிக்கடலில் மோதின. சுஃப்ரன், ஹியூஸ் என்ற இரு தளபதிகளின் பெயரும் வரலாற்று நூல்களில் உண்டு. பீரங்கித் தளத்தில் மாண்டவர் அங்கே எண்ணிக்கையாகவே நிற்கின்றனர். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு பொழிந்தன. இவை பழங்கதை எனின், 2006 ஜனவரியில் இந்நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஓகஸ்டில், நொக்சின் கப்பல் ஒதுங்கிய அதே குடாவின் கரையிலுள்ள மூதூரில் 17 தொண்டு ஊழியர் கொல்லப்பட்டனர். 'ஐவர்', 'பதினெழுவர்' என்றே உலகம் அவர்களைச் சொல்லிப் பழகிவிட்டது. பெயரைச் சொல்லிச் சொல்லித் தேய்ந்தவர்கள் தாய்மார் மட்டுமே. மனிதரை எண்ணாகச் சுருக்கும் பழக்கம் எங்கு கொண்டுபோய் விடும் என்பதை இந்தக் கரை அறியும்.

"இது ஆட்டந்தானே, இவ்வளவு பாரம் ஏற்றலாமா?" என்று சிலர் வினவுவர். கேள்வி நியாயமானதே. ஆட்டத்திற் பகடையால் வீழ்த்தியவன் வெளியே சென்று கொலை செய்வான் என்று இங்கே வாதிடவில்லை. ஆனால் கற்பனையும் ஒரு பழக்கமே. யாருக்குப் பெயர் வேண்டும், யாருக்கு எண் போதும் என்று இளமையிற் பழகிய மனம், செய்தித்தாளையும் அதே கண்ணோடு படிக்கும். கலை மனிதனைப் பண்படுத்தும் என்று நம்புவோர், அது அவனை மரத்துப்போகவும் செய்யும் என்பதை ஒப்புக்கொண்டேயாக வேண்டும்.

ஆதலின் இவ்வாட்டத்தை விலக்குமாறு சொல்லவில்லை, வசப்படுத்துமாறே வேண்டுகிறோம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் உருபாவின் மதிப்பு வீழ்ந்தபின், டொலரில் விற்கும் பெருநூல் நமது இளைஞருக்கு எட்டாப் பொருளாயிருக்கலாம். ஆனால் விதிகளை ஒருவர் கற்று நால்வருக்கு வாய்மொழியாக உரைத்தாற் போதும். கூத்து அப்படித்தான் தலைமுறைகளைக் கடந்தது. தேயா என்ற கற்பனை உலகமும் அவசியமன்று. 1660இன் கொட்டியாரக்குடா கண்முன்னே கிடக்கிறது. அங்கே பாய்மரம் இழந்த கப்பலுண்டு, கண்டியரசனின் ஆணையோடு வரும் படையுண்டு, வெளிக்கடலில் ஒல்லாந்தர் உண்டு. மரம் வெட்டித் தரும் தச்சனாக ஒருவர், மொழிபெயர்க்கும் துபாசியாக ஒருவர், மீன் விற்கும் பெண்ணாக ஒருவர், அரசனின் படைக்கு இழுத்து வரப்பட்ட உழவனாக ஒருவர் அமரட்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் இந்த மாவட்டத்தில், மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவர் மற்றவருடைய முன்னோராக வேடமேற்றாலோ, எந்தச் சொற்பொழிவும் செய்யாத வேலையை அவ்வொரு மாலைப்பொழுது செய்துவிடும்.

விதிநூலிலும் ஒரேயொரு திருத்தம் போதும். பகடை உருளுமுன், வீழப்போகும் 'முரடர்' ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும், ஓர் ஊரும், அவனை எதிர்பார்த்திருக்கும் ஒருவரும் உரைக்கப்பட வேண்டும். ஆட்டத்தின் வேகம் சற்றே குறையும். பத்துப் பேரை வீழ்த்த வந்தவன் மூவரோடு நின்று, மற்றவரோடு பேசிப் பார்க்கலாமா என்று யோசிப்பான். அவ்வாறு யோசிப்பவனும் வீரனே. அவனைப் பற்றிய கதைகள் நம்மிடம் மிகக் குறைவு. அவற்றை இனித்தான் ஆக்க வேண்டும்.