பெரும்பாணாற்றுப்படையில் உல்கும் எல்லையும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேற் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளால் இயன்றது. கச்சிக்குச் செல்லும் வழியையே அது பெரும்பான்மையும் பொருளாகக் கொண்டுள்ளது. அவ்வழியின் தொடக்கத்திலேயே கற்பார்க்கு ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்பட்ட வறிய பாணனுக்கு இளந்திரையன் நாட்டின் காவற்சிறப்பைக் கூறுகின்றான். அங்கே வழிப்பறி செய்வார் இலர். இடியும் பாம்பும் விலங்கும்கூட வழிச்செல்வார்க்குத் தீங்கு செய்வதில்லை. விரும்பிய இடத்தில் இளைப்பாறிச் செல்லலாம் என்பது அவன் தரும் உறுதி. இவ்வுறுதியைக் கேட்டு நாற்பது அடி செல்வதற்குள் நாம் காண்பது யாது? வாளும் சுரிகையும் வில்லும் வேலும் உடையராய், மார்பில் அம்புத் தழும்பு தாங்கிய வணிகர் கூட்டம். அவர் செல்லும் பெருவழியிற் சுங்கம். வழி கவர்க்கும் இடத்தில் வில்லேந்திய காவலர். அச்சமற்ற நாட்டில் இத்துணைப் படைக்கலம் எதற்கு?

இம்முரணை மிகையுரையின் விளைவு என்று கூறி அமைவார் உளர். புகழ்ச்சி முன்னும் உண்மை பின்னும் வந்தன என்பது அவர் கருத்து. வரலாறு எழுதுவோரோ முன்னைப் பகுதியை அறவே விடுத்து, சுங்கம் பற்றிய அடிகளை மட்டும் பழந்தமிழ் வணிகத்திற்குச் சான்றாக எடுத்துக்கொள்வர். இரு திறத்தாரும் பாட்டை இரண்டாகப் பிளக்கின்றனர். பிளவாத நிலையில் வைத்துக் கற்பின், எல்லை கடத்தல் என்னும் நிகழ்ச்சியைப் புலவர் எவ்வளவு கூர்ந்து நோக்கினார் என்பது விளங்கும் என்று நாம் கருதுகின்றோம்.

உறுதிமொழிக்கும் வணிகர் காட்சிக்கும் இடையே உமணரின் உப்பு வண்டிகள் செல்கின்றன. இப்பகுதியை விரைந்து கடத்தல் தகாது. சக்கரத்தின் அமைப்பிலிருந்து கூரையின் வேய்தல் வரை வண்டி முழுமையும் வண்ணிக்கப்படுகின்றது. அதில் கோழிகள் தங்குகின்றன. பிடியானையின் முழந்தாள் போன்ற சிறிய உரல் தொங்குகின்றது. காடி வைத்த கலம், ஆடுகளத்து இசைக்கருவி போலக் கயிற்றாற் பிணிக்கப்பட்டிருக்கின்றது. குழந்தையையுடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகின்றாள். ஆடவர் மாற்று எருதுகளுடன் பக்கத்தே நடக்கின்றனர். இது வழியிற் செல்லும் ஒரு குடும்பம்; இன்னும் சொல்லப்போனால் உருளைமேல் ஏறிய ஒரு வீடு. கைக்குழந்தையோடும் கோழியோடும் ஒருத்தி நெடுவழி செல்கின்றாள் என்பதைவிட வழியின் பாதுகாப்புக்கு வேறு சான்று வேண்டுமோ? முன்னர்க் கூறிய உறுதிமொழிக்கு உமணர் வண்டியே முதற் சான்றாக நிறுத்தப்பட்டுள்ளது.

அதன் பின்னரே வணிகர் வருகின்றனர். அவரைப் புலவர் வம்பலர் என்கின்றார். வம்பலர் என்பார் புதியர். வழியிற் காணப்படுபவரேயன்றி ஊரில் அறியப்பட்டவர் அல்லர். அகப்பாடல்களில் இச்சொல் வரும் இடங்களை நினைவுகூர்தல் வேண்டும். பாலைத்திணையில் வம்பலர் பெரும்பாலும் கொல்லப்படுபவர். குறுந்தொகை 77-ஆம் பாட்டில் வெஞ்சுரத்தே இறந்துபட்ட வம்பலர்மேல் தழையிட்டு மூடிய குவியல், யானைக்கு நிழல் தருமளவு உயர்ந்து நிற்கின்றது. பெயரும் ஊரும் அறியப்படாமல் இறந்தோர் அவர். பெரும்பாணாற்றுப்படையிலோ அதே பெயருடையார் உயிரோடு நடக்கின்றனர். அவர் அடியிற் செருப்பு, உடலிற் சட்டை, மலைமேல் ஊரும் பாம்பு போலத் தோளிலிருந்து தொங்கும் வாள். முருகனையொத்த வீறு அவர்க்குக் கூறப்படுகின்றது. பாலையிற் பதுக்கையின் கீழ்க் கிடந்தவரை எழுப்பி நடக்கவிட்டாற்போல் இருக்கின்றது இக்காட்சி.

அவர் மார்பிற் புண் உண்டு. ஆனால் அப்புண் தீர்ந்துவிட்டது என்று புலவர் தெளிவாகக் கூறுகின்றார். இவ்வொரு குறிப்பே நாம் எடுத்துக்கொண்ட முரணை அவிழ்க்கும் திறவுகோல் என்பது எம் துணிபு. புண்பட்டது வேறொரு காலத்தில், வேறொரு நிலத்தில். அவர் கழுதைகள் சுமப்பது மிளகு. மிளகு மேற்குமலையிலிருந்து வருவது. மலைபடு பொருளோடு கடல்படு பொருளையும் கொண்டு திரிபவர் என்பதனால், பல தலைவர்களின் நிலங்களைக் கடந்தே அவர் தொண்டைநாடு புகுந்திருத்தல் வேண்டும். அவ்விடங்களில் ஏற்பட்ட ஊறு இவண் ஆறிய தழும்பாகக் காட்டப்படுகின்றது. படைக்கலம் ஏந்தி வருதல் இந்நாட்டின் கொடுமையைக் காட்டவில்லை. கடந்து வந்த நாடுகளைக் காட்டுகின்றது. எல்லையின் அருமை, எல்லை கடந்தவனின் உடம்பிலே எழுதப்பட்டிருக்கின்றது.

இங்கே ஒன்றை இடைப்பிறவரலாகக் குறிக்க விழைகின்றோம். மனிதனின் புண்ணைத் தீர்ந்தது என்ற புலவர், கழுதையின் முதுகைப் பற்றிக் கூறுமிடத்து, தழும்பு அங்கே குடியிருப்பது போன்ற சொல்லைப் பெய்கின்றார். சுமை உள்ளவரை அவ்வடு நீங்காது. இருபுறமும் ஒத்த பாரமாகத் தொங்கும் மிளகு மூட்டைகளைப் பலாவின் அடிமரத்துப் பழங்களுக்கு உவமித்த அழகிலே நாம் ஈடுபட்டு, அந்த முதுகை மறந்துவிடுதல் கூடாது.

இனி உல்கு. திருக்குறள் 756-ஆம் பாட்டில் அரசனது பொருள்வகைகளுள் ஒன்றாக வரும் இச்சொற்குச் சுங்கம் எனப் பொருள் கண்ட பரிமேலழகர், மரக்கலத்திலும் நிலவழியிலும் வரும் பண்டங்களுக்கு உரிய இறை என அதனை விளக்கினார். இவ்விருவகையையும் உருத்திரங்கண்ணனாரே பாடியுள்ளார் என்பது போதிய அளவு கவனிக்கப்பெறவில்லை. பட்டினப்பாலையும் அவர் பெயரால் வழங்குவது. அதிற் புகார்த் துறையில் உல்கு கொள்வோர், கதிரவன் தேர்க்குதிரை போல நாள்தோறும் ஓய்வின்றி உழைக்கின்றனர். பண்டங்களின்மேற் புலிச்சின்னம் பொறிக்கின்றனர். மூட்டைகள் மலைபோற் குவிய, அவற்றின்மேல் நாயும் ஆட்டுக்கடாவும் துள்ளுகின்றன. அங்கு நாம் சுங்கம் வாங்குவோன் பக்கத்தில் நிற்கின்றோம். பண்டம் தெரிகின்றது, கொணர்ந்தவன் தெரியவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் நாம் நிற்பது சுங்கம் செலுத்துவோன் பக்கத்தில். அவன் மார்பும் தோளும் செருப்பும் தெரிகின்றன; வாங்குவோன் முகம் தெரியவில்லை. ஒரே புலவர் ஒரே செயலை இரு கரையிலிருந்தும் நோக்கியமை இது. இரண்டினையும் அடுத்தடுத்துப் பாடஞ்சொல்லும் வழக்கம் நம் வகுப்புகளில் ஏற்படுமாயின் நன்று.

வில்லுடைக் காவல் கவலையில் நிற்கின்றது. கவலை ஈண்டுக் கவர்த்த வழி. இன்றைய மாணவர் மனக்கவலை என மயங்கினும் பெரும் பிழை நேராது போலும்; இரு வழி பிரியுமிடத்தே வழிச்செல்வோன் மனமும் பிரிதல் இயல்பன்றோ? வழிச்செல்வார்க்கு ஏமமாக அக்காவல் அமைந்தது என்பது தொடர்ப்பொருள். ஆயினும், காவல் ஏன் வழியின் நடுவே நில்லாது பிரிவிடத்தில் நிற்கின்றது என்று வினவுதல் தகும். கள்வர் பதுங்குதற்கு ஏற்ற இடம் அது என்பது ஒரு விடை. சுமையோடு வந்தவன் சுங்கம் செலுத்தாது மற்றொரு கிளைவழியே நழுவுதற்கும் ஏற்ற இடம் அதுவே என்பது பிறிதொரு விடை. இரண்டும் ஒருங்கே உண்மையாதல் கூடும். வணிகனைக் காக்கும் வில் வணிகனையும் நோக்கியே வளைந்திருக்கின்றது. இதனைப் புலவர் வெளிப்படக் கூறவில்லை. உல்கையும் கவலையையும் வில்லையும் ஒரே தொடரில் அடுக்கிவிட்டு அமைகின்றார். முதலாம் குலோத்துங்கனைச் சுங்கம் தவிர்த்தவன் எனப் பிற்காலத்தார் போற்றியதை நோக்கின், இச்சுமை மக்கள் மனத்தில் எத்துணைக் காலம் அழுத்தியிருந்தது என்பது புலனாம்.

உல்கு செலுத்தியவன் பெற்றது யாது? வழி மட்டுமே. இதனை உணர, அதே தொண்டைமண்டலத்தில் பன்னூற்றாண்டுகளின் பின்னர் எழுந்த ஒரு கல்வெட்டை ஒப்புநோக்குதல் பயன் தரும். இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறித்த குடவோலை விதிகள் உள்ளன. காலியூர்க் கோட்டத்து உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்பது அன்று அவ்வூரின் பெயர். முப்பது குடும்புகளிலிருந்து வாரியத்துக்கு ஆளைத் தேரும் முறை அங்கே கூறப்படுகின்றது. பாட்டின் செய்தியைக் கல்வெட்டால் நிறுவ நாம் முயலவில்லை. காலமும் சமூக அமைப்பும் வேறு. பாட்டில் அவ்வூர்ப் பெயரும் இல்லை. எனினும் இறை செலுத்துவோன் பெறும் உரிமை பற்றிய எண்ணம் அங்கே துலக்கமாகத் தெரிகின்றது. கி.பி. 921-ஆம் ஆண்டு விதியின்படி, குடத்தில் ஓலை இடப்பெறுவோன் கால்வேலிக்கு மேல் இறைநிலம் உடையனாதல் வேண்டும்; தன் மனையில் அகம் எடுத்துக்கொண்டு இருத்தல் வேண்டும்; 35 அகவைக்கு மேலும் 70 அகவைக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும்; மறைக்கல்வியும் வேண்டும். நிலத்திற்கு இறை செலுத்தி ஊரிலே மனை உடையவன் ஊரை ஆளும் வாயிலுள் நுழைகின்றான். பண்டத்திற்கு இறை செலுத்தும் வம்பலனுக்கு நிலமும் இல்லை, மனையும் இல்லை; அவன் கொடுத்தது வாங்கப்படுகின்றது, அவன் சொல் கேட்கப்படுவதில்லை. உல்குக்கும் நிலவிறைக்கும் இடையே உள்ள இவ்வேறுபாடே எல்லையின் உண்மைப் பொருள் என்று கூறத் தோன்றுகின்றது.

அக்கல்வெட்டிற் கழுதையும் வருகின்றது! கழுதை ஏறியோரும் பொய்யாவணம் செய்தோரும் விலக்கப்பெற்றோர் வரிசையிற் சேர்க்கப்பட்டுள்ளனர். கழுதை ஏற்றுதல் இழிவுத் தண்டனை. மிளகு சுமந்து அரசன் பொருளைப் பெருக்கிய விலங்கு, ஊரவையின் கண்ணுக்கு இழிவின் அடையாளமாயிற்று.

நிலவழி எல்லை கடத்தல் இன்றும் எளிதாகிவிடவில்லை. மோட்டார் சைக்கிளில் நாடு நாடாகச் செல்வோர் எல்லைச் சாவடியில் இருவேறு ஆவணங்களைக் காட்டுகின்றனர். கடவுச்சீட்டு மனிதனுக்கு, 'கார்னே' எனப்படும் பிணையச் சீட்டு ஊர்திக்கு. ஊர்தியை மீளக் கொண்டு செல்லாது அந்நாட்டிலேயே விட்டுவிடின் அதற்குரிய சுங்கம் செலுத்தப்படும் என்பதற்கு அது பிணை. இந்தியாவுக்குள் ஊர்தி கொணரும் அயல்நாட்டாரும் இதனைக் காட்டுதல் வேண்டும். ஆளை விடினும் அவன் ஏறிவந்ததை எளிதில் விடுவதில்லை. வம்பலனையும் கழுதையையும் வேறு வேறாக நோக்கிய பழம்புலவர்க்கு இது புதுமையாகத் தோன்றியிராது. இத்தகைய செலவினர் சாவடிகளின் நிலையைப் புத்தகத்தில் தேடுவதில்லை. முன்னர்க் கடந்து மீண்டவனைக் கேட்டறிகின்றனர். ஆற்றுப்படை என்னும் துறையும் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகூறும் இவ்வுறவின்மேலேதான் நிற்கின்றது.

அவ்வாறு வழிகூற மீண்டார் எவரும் இல்லாத வழி எத்தகையது? 1942-இல் சப்பானியர் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். அவருட் பெருந்தொகையினர் மலைகளைக் கால்நடையாகவே கடந்தனர். தமூவிலிருந்து பாலேல் வழியாக மணிப்பூர் புகுந்தோர் பலர். அவ்வழியில் வெள்ளையர்க்கு ஒரு கிளையும் மற்றையோர்க்கு ஒரு கிளையுமாகப் பிரித்துவிடப்பட்டனர் என்பதும் வரலாறு. கவலையிற் காவல் நின்றது. ஏமம் சிலர்க்கே ஆயிற்று. இரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா நடந்து மீண்ட தம் பட்டறிவைப் 'பர்மா வழிநடைப் பயணம்' என நூலாக்கினார். சங்கப் பாட்டின் பயிற்சியோடு அந்நூலை ஆராய்தல் நம் துறையினர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

எம் கருத்துக்கு ஒரு தடை எழும். வறிய பாணனிடம் பறிப்பதற்கும் ஒன்றுமில்லை, சுங்கம் கொள்வதற்கும் ஒன்றுமில்லை. ஆதலின் அவனுக்கு வழி அச்சமற்றது என்று கூறுவதில் வியப்பென்னை என்பது அத்தடை. நாமும் ஒருகால் அவ்வாறே எண்ணினோம். ஆனால் பாட்டின் தொடக்கம் அதற்கு இடந்தரவில்லை. வழிகூறும் பாணன் வெறுங்கையன் அல்லன். வெண்பிடரிக் குதிரைகளையும் களிறுகளையும் அள்ளிக்கொண்டு, பெருஞ்சுற்றத்தோடு அவ்விடத்திலிருந்து வருகின்றவன். கொள்ளைக்கு உரிய பொருளோடு அவ்வழியை அவனே கடந்திருக்கின்றான். அவன் தரும் உறுதி கேள்வியாற் பெற்றதன்று. களிறுகளை நடத்திக்கொண்டு வந்து பெற்றது. உமணப்பெண்ணின் குழந்தை, வணிகனின் தீர்ந்த புண், பாணனின் களிறு ஆகிய மூன்றும் ஒரே உறுதியை மூன்று நிலையினின்று மெய்ப்பிக்கின்றன.

ஒன்று மட்டும் தெளிவுபடாது நிற்கின்றது. பாட்டின் இறுதியிற் பொற்றாமரையும் நாற்குதிரை பூட்டிய தேரும் பெற்று மீளும் பாணன், அதே கவலையை அடையும்போது காவலர் அவனிடம் உல்கு கேட்டனரா? விற்கும் பண்டமும் அரசன் ஈந்த பரிசிலும் அவர்க்கு ஒன்றா, வேறா? மீண்டு வந்த முதற்பாணன் வழியின் அனைத்தையும் கூறுகின்றான். இதனை மட்டும் கூறவில்லை.