அறிந்த முகம்
2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தின் மூவர் கொல்லப்பட்டார்கள். 2025இல் சிவகிரி அருகே இன்னொரு தோட்டத்தில் வயதான தம்பதி. கொங்கு நாட்டுத் தனி வீடுகளின் பயம் பொய்யல்ல. அந்தப் பயத்தை நம்பித்தான் செயற்கை நுண்ணறிவுக் கேமரா விற்கும் ஸ்டார்ட்அப் யோசனைகள் வருகின்றன: வீட்டார் முகங்களைப் பதிந்துவைத்தால் போதும், அறியாத முகம் வாசலில் தெரிந்ததும் செல்போனில் எச்சரிக்கை வரும்.

யாருடைய செல்போனில்? மருமகள் எத்தனை மணிக்கு வெளியே போனாள், மகளை யார் வண்டியில் இறக்கிவிட்டார்கள் என்பதும் அதே திரையில்தான் தெரியும். களையெடுக்க வரும் பெண்ணோ எத்தனை வருடம் வந்தாலும் வீட்டார் பட்டியலில் சேரமாட்டாள்.

கேமரா என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது உடுமலைப்பேட்டை. சாதி மறுத்து மணந்த சங்கரும் கௌசல்யாவும் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் வெட்டப்பட்டதை அங்கே ஒரு கேமரா பதிவு செய்தது. சங்கர் இறந்தார். கௌசல்யா பிழைத்துவந்து, தன் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். தந்தைக்குத் திருப்பூர் நீதிமன்றம் 2017இல் விதித்த மரண தண்டனையை நீக்கி, 2020இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில், பெண்களுக்கு எதிரான குற்றங்களில் ஆண்டுதோறும் முதலிடம் கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமைக்கே. அத்தனையும் கேமரா அறிந்த முகங்கள்! 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, கணவனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி நீதிபதி உத்தரவிடலாம். அந்த உத்தரவு வரும் நாளில், அவன் முகத்தைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கான பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும்?