சொல்மேகத்தை விடுங்கள், தொடரடைவைப் படியுங்கள்

'டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்', அதாவது கணினித் துணையோடு இலக்கியம் முதலானவற்றை ஆராயும் துறை, என்றதும் நம் கல்லூரித் தமிழாசிரியர்கள் பலர் "அது கம்ப்யூட்டர்காரர்கள் சமாசாரம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இதைத் தொடங்கிவைத்தவரே கம்ப்யூட்டர்காரர் இல்லை. ரொபெர்த்தோ பூசா என்ற இத்தாலியச் சேசுசபைப் பாதிரியார். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் எழுத்தில் 'உடனிருத்தல்' என்ற கருத்தைத் தேடப் போனவர், அதன் சாவி பெரிய பெரிய கலைச்சொற்களில் இல்லை, 'உள்ளே' என்று பொருள்தரும் ஈரெழுத்து லத்தீன் இடைச்சொல்லில் இருக்கிறது என்று கண்டுகொண்டார். அதற்காக ஆயிரக்கணக்கில் அட்டைகளைக் கையால் எழுதினார். 1949இல் இயந்திர உதவி கேட்டு ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சனைப் போய்ப் பார்த்தார். கடைசியில் அக்வினாஸ் எழுத்துக்கான அந்தச் சொல்லடைவு அச்சில் 56 தொகுதிகளாக வந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

ஒரு நூலின் சொற்களை எண்ணவும் தேடவும் கருவிகள்? 'வோயன்ட்' இலவசம், பிரவுசரிலேயே ஓடும். 'ஆன்ட்காங்க்' இலவசம், இறக்கிக்கொள்ள வேண்டும். தமிழ் நூல்களின் மின்பதிப்புகளுக்கு 1998 முதல் மதுரைத் திட்டம் இருக்கிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சொல்மேகம் வேறு, தொடரடைவு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவர்களால்தான் இந்தத் துறைக்கே கெட்ட பெயர்.

சொல்மேகத்தில் அதிகம் வரும் சொல் பெரிதாகத் தெரியும். கருத்தரங்குத் திரையில் வண்ணவண்ணமாகப் போட்டால் கைதட்டு விழும். தமிழில் அதற்குச் சல்லிக்காசு மதிப்பில்லை. மரம், மரத்தை, மரத்தைப், மரத்தில் ஆகிய நான்கையும் கருவி நான்கு தனிச்சொல்லாக எண்ணும். வேற்றுமை ஏறி, ஒற்று மிகுந்து, மரம் சிதறிப்போகும். 'ஒரு'வும் 'என்று'வும் நடுவில் பூதாகாரமாக நிற்கும். இதைப் பார்த்து மாணவர் என்ன கற்றுக்கொள்வார்? பாட்டில் இத்தனை சதவீதம் சோகம் என்று கணக்குப் போடும் இன்றைய மோகமும் இதே ரகம்தான்.

தொடரடைவு அப்படியில்லை. ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம், முன்னும் பின்னும் சில சொற்களோடு, அந்தச் சொல் நட்டநடுவே நேர்க்கோட்டில் நிற்கும்படி அடுக்கித் தரும். தீர்ப்பு எதுவும் சொல்லாது, படிக்க வைக்கும். இது நமக்குப் புதிதும் அல்ல. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1960களின் கடைசியிலேயே பழந்தமிழ் இலக்கியத்துக்கு, இதற்கு நெருங்கிய உறவான சொல்லடைவை அச்சிடத் தொடங்கிவிட்டது.

கருவியில் குறுந்தொகையை ஏற்றி, 'நெஞ்ச' என்று போட்டுப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறியும் இட்டுத் தேடச் சொல்லுங்கள். நெஞ்சு, நெஞ்சம், நெஞ்சே எல்லாம் வந்து விழும். மாணவர் மேலிருந்து கீழாக நிதானமாகப் படிக்கட்டும். பிறகு கேளுங்கள்: நெஞ்சை விளித்துப் பேசும் இடம் எது, நெஞ்சைப் பற்றிப் பேசும் இடம் எது? விளிப்பது தலைவனா, தலைவியா? அது பாட்டுக்குள்ளேயே தெரிகிறதா, அல்லது பிற்காலத்தார் சேர்த்த கூற்றுக் குறிப்பு சொல்லித்தான் தெரிகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியில் வகுப்பு சூடுபிடித்துவிடும், ஏனென்றால் எந்த நோட்ஸிலும் இதற்குப் பதில் கிடையாது. வரியிலிருந்து முழுப் பாட்டுக்குப் போய், அங்கிருந்து மறுபடி வரிசைக்கு வந்தாக வேண்டும். கணினி ரசனையைக் கொன்றுவிடும் என்று எழுதும் விமர்சகர்கள் இந்த ஒரு மணி நேரம் வந்து உட்காரட்டும். ஸ்மார்ட் போர்டில் பாடத்தை ஓடவிட்டு அதையே நவீனம் என்று நினைக்கும் ஆசிரியர்களும்தான்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, முதல் வாரம் கணினியே வேண்டாம். குறுந்தொகைப் பாட்டுகள் பத்தை நகலெடுத்துக் கொடுத்து, ஒரே ஒரு சொல்லுக்குத் தொடரடைவைக் கையால் எழுதச் சொல்லுங்கள். எதை ஒரே சொல்லாகக் கொள்வது, சேர்ந்து நிற்பதை எங்கே பிரிப்பது என்று அவர்களே சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைக்குப் பிறகு கருவியைக் கொடுத்தால், அது எதைத் தவறவிடுகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். சந்தி பிரித்த பதிப்பு, பிரிக்காத பதிப்பு இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். வந்து விழும் வரிகளே மாறும்.

மதிப்பெண் விஷயத்திலும் ஒன்று. படம் போட்டு வருபவருக்கு அள்ளிக் கொடுக்காதீர்கள். தன் முடிவுக்கு ஒத்துவராத மூன்று வரிகளை அந்த வரிசையிலிருந்து எடுத்துக் காட்டி, ஏன் ஒத்துவரவில்லை என்று ஒரு பக்கம் எழுதுகிறாரே, அவருக்குக் கொடுங்கள்.