முன்னால் சவாரி, பின்னால் சாரதி

வண்டி என்றால் ஓட்டுபவர் முன்னால், சவாரி பின்னால். இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கியது மலேசியாவின் பினாங்குத் திரிஷா என்ற மிதிவண்டி ரிக்‌ஷா. மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் சைக்கிளுக்குப் பக்கத்தில் இருக்கையை ஒட்டவைத்தார்கள். பினாங்கின் ஜார்ஜ் டவுனிலோ அதைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டார்கள். முன்னே இரண்டு சக்கரம், பின்னே ஒன்று. இருக்கைக்குப் பின்னால் உள்ள குறுக்குக் கம்பிதான் ஹேண்டில்பார். அதை ஒடித்தால் சவாரியோடு சேர்ந்து முன்பாகம் மொத்தமும் திரும்பும்.

அந்த ஊர் லிட்டில் இந்தியா நெரிசலில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். கண்ணை மறைக்க யார் முதுகும் இல்லை. எதிரே வரும் லாரி நேராக நம் மடிக்கே வருவதுபோல் இருக்கும். பிரேக்கோ பின்னால் இருக்கும் பெரியவர் கையில்! வெயிலுக்குக் குடை, அழகுக்குப் பிளாஸ்டிக் பூ, இரவுக்கு வண்ண விளக்கு எல்லாம் அவர் ரசனை.

2012-இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சாக்கரேவிச், அதே ஊரின் ஆர்மேனியன் தெருச் சுவரில் இரண்டு பிள்ளைகளை வரைந்து, அவர்கள் ஓட்ட நிஜச் சைக்கிளையே பொருத்தினார். அதுவும் திரிஷாவைப் போலச் சைக்கிளை வைத்துச் செய்த குறும்புதான். ஆனால் அதன் முன் நின்று படம் எடுக்கலாம், அவ்வளவே. ஊரைச் சுற்றிப் பார்க்க முன்வரிசை வேண்டுமென்றால் திரிஷாவுக்குத்தான் பேரம் பேச வேண்டும்.